அந்தச் சுவரைத் தாண்டி உனக்குக் கேட்டதா, அக்கா?

என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் நாலு மாசம் ஆகிறது. உப்பளத்து வீட்டு வாசலில் கிடக்கும் உன் செருப்பை மாமா இன்னும் எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கச் சொல்லவில்லை.

தட்டாஞ்சாவடியில் நான் பார்க்கும் வேலையை எப்போதும் கேலி செய்வாயே, "செவுத்துக்கு இன்னாடா கம்ப்யூட்டரு? கட்னா நிக்கப் போவுது" என்று. நிற்பதற்கு இல்லை அக்கா, சத்தத்துக்கு. தகரச் சட்டம் நட்டு இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை அடிக்கிறோமே, அந்தச் சுவர் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை.

நீ கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரியில், உன் அறைக்கும் டாக்டர் அறைக்கும் நடுவே இருந்தது நான் கணக்குப் போட்ட சுவர். உன்னிடம் பெருமையடித்துக்கொண்டேன். நீ படுத்தபடியே அதைத் தட்டிப் பார்த்து, "டொக்கு டொக்குன்னுதேடா" என்று சிரித்தாய்.

தன் அறையில் என்னை உட்காரவைத்துத்தான், இனி செய்ய ஒன்றும் இல்லை, பத்து நாள் தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர். அவருக்குக் கனத்த குரல். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"இன்னாடா சொன்னாரு?"

"நல்லாயிடும்னாரு. பொங்கலுக்கு நீ வீட்லதான் இருப்பியாம்."

"சரிடா. நீ சாப்டியா?" என்றாய்.

போன வாரம் வேறொரு கட்டடத்துக்காக அந்தப் பழைய கணக்கைத் திறந்தேன். தகரச் சட்டங்களையே சேர்க்காமல் விட்டிருக்கிறேன்! சேர்த்தால் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் அரை நாள் முக்கும். அதனால் இரண்டு பலகை, நடுவில் வெறும் காற்று என்று போட்டு முடித்துவிட்டேன். சத்தம் சட்டத்தின் வழியாகவே இந்தப் பலகையிலிருந்து அந்தப் பலகைக்குப் போய்விடும். எனக்குத் தெரியாதா? சோம்பேறி நாய் நான்.

சட்டத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். கீச்சுக் குரலை அந்தச் சுவர் ஓரளவு நிறுத்துகிறது. கனத்த குரல் தாண்டிவிடுகிறது.

உன் காதை நினைத்து ஆறுதல் தேடினேன். மில்லில் தறிச் சத்தத்தில் இருபது வருஷம் நின்று மந்தமான காதாயிற்றே. ஆனால் உன் மகள் பாப்பா கீச்சுக் குரலில் கூப்பிட்டால்தான் உனக்குக் கேட்காது. மாமா செருமினால் அடுப்படியிலிருந்தே திரும்புவாய். மில் உனக்கு மிச்சம் வைத்ததும் கனத்த குரலைத்தானே?

கேட்டதா அக்கா? கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டேனா என்று விசாரித்தாயா? இதை எந்தக் கம்ப்யூட்டரில் போட்டு நான் கண்டுபிடிப்பேன்?

ஆஸ்பத்திரி மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "ரூம்ல ஆளுங்க படுத்துருக்காங்க சார், இப்ப ஒடைக்க முடியாது" என்றார். கெஞ்சியும் பலனில்லை. வெளியே வந்து உன் அறையை எட்டிப் பார்த்தால், உன் கட்டிலில் ஒரு அம்மா. அவர் மகன் டாக்டர் அறைக்குள் போய்க்கொண்டிருந்தான். டாக்டர் குரல் அந்த அம்மா காதில் விழக் கூடாதே! நேரே உள்ளே போய், எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க என்று அந்த அம்மாவிடம் உரக்கப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

"நீ யாருப்பா?" என்றார். மறுபடி ஊரைப் பற்றியே கேட்டேன். அவர் மகன் திரும்பி வரும்வரை பேச்சை விடவில்லை.

அந்தச் சுவரைப் பிரித்து மாற்றும்வரை தினமும் போய்ப் பேசுவேன் அக்கா, சத்தியமாக. அன்றைக்கு உன் பக்கத்தில் அப்படிப் பேச ஒருத்தரும் இல்லை.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் தம்பி