உன் கருமுட்டைகளைப் பார்க்கப் போன கதை

ஸ்கீவெ, அக்டோபர் 14

அன்பு மகள் ரிக்கேக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்காலும் என் இடது காதும் தத்தம் வயதுக்கு ஏற்ற சுகம். சிங்கப்பூர் வெக்கையில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, ஆப்பிள் பாதி கீழே விழுந்து அழுகிவிட்டது, மீதியை அம்மா ஜாம் காய்ச்சிவிட்டாள், பக்கத்துப் பண்ணை ஓவெ புது டிராக்டர் வாங்கியிருக்கிறான், அதை ஓட்டுகிற நேரத்தைவிடத் துடைக்கிற நேரம்தான் அதிகம். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், நானும் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை உன் அலுவலக நேரத்தில் நான் கூப்பிட்டபோது, "ஆர்ஹூஸ்ல உங்களுக்கு என்னப்பா வேலை" என்று கேட்டாய். செருப்பு வாங்க வந்தோம் என்றேன். அது பொய். உன் கருமுட்டைகளை வைத்திருக்கும் கிளினிக்கின் வராந்தாவில் நின்றுதான் பேசினேன், அம்மா எனக்கு எதிரே நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் அங்கே போனோம் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் கோபம் வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி.

ஜூலையில் நீ வந்திருந்தபோது தோட்டத்தில் ஸ்ட்ராபெரி கேக்கை வெட்டிக்கொண்டே, மார்ச்சில் வந்தபோது கருமுட்டைகளை எடுத்து உறைய வைத்துவிட்டதாகவும், பதவி உயர்வோடு சேர்த்துக் கம்பெனியே அந்தச் செலவை ஏற்றுக்கொண்டதாகவும் சொன்னாய். எங்கள் காலத்தில் முதலாளி கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித் தொடை கொடுப்பார், பிள்ளை பெறுவதைப் பிறகு பார்த்துக்கொள் என்று யாரும் இவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை. அம்மா வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். எத்தனை என்று கேட்டேன், பதினொன்று என்றாய், ஓவெயின் பசு ஒன்று ஒரே தடவையில் பதினாறு கருமுட்டை கொடுத்தது என்றேன். "நான் உங்க பசு இல்லப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய், இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பினாய். முப்பத்தெட்டு வருடம் உறைந்த காளை விந்து வைத்த நைட்ரஜன் கேனைத் தூக்கிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்ச் சினை ஊசி போட்டவனுக்கு, மகள் முதல்முறையாக அப்பாவின் தொழிலைப் பற்றிப் பேச வருகிறாள் என்று ஒரு சந்தோஷம், அதில் புத்தி கெட்டுப்போயிற்று. நான் பாராட்டத்தான் நினைத்தேன், அது பாராட்டாக வெளியே வரவில்லை. மன்னித்துக்கொள் கண்ணு, மூன்று மாதம் தாமதமாகக் கேட்கிறேன்.

இப்போது ஒரு கடித விவகாரம். கிளினிக் புதுக் கட்டிடத்துக்கு மாறப்போகிறது, உன்னுடையதைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா என்று ஒரு மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும், பதில் இல்லாவிட்டால் அழித்துவிடுவோம் என்று செப்டம்பரில் உன் பெயருக்கு இங்கே கடிதம் வந்திருக்கிறது, டென்மார்க் முகவரி கேட்டதற்கு நீ நம் வீட்டைத்தானே கொடுத்திருக்கிறாய். அம்மா அதைப் பிரித்துப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, நிலவறையில் ஜாம் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். போன புதன்கிழமை சாயங்காலம் நான் ஒரு பாட்டில் எடுக்கப் போனேன், கடிதம் கையோடு வந்தது. கெடு வெள்ளிக்கிழமை.

மேலே வந்து அதை மேசைமேல் வைத்தேன். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "நான் கிழிச்சா போட்டேன், வச்சுத்தானே இருந்தேன்" என்றாள். எதுக்கு வச்சே என்றேன். "அது அங்க இருக்குற வரைக்கும் அவ அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு தள்ளிக்கிட்டே போவா, ஏய்வின். இல்லேன்னு ஆயிட்டா யோசிப்பா" என்றாள். இல்லேன்னு ஆயிட்டா அப்புறம் யோசிக்க என்ன இருக்கு என்றேன். அதற்கு அவள், "ஊர்ல உள்ள மாட்டுக்கெல்லாம் நீ வாரிசு குடுத்தே, இந்த வீட்ல ஒரு பேரப்பிள்ளை சத்தம் கேக்கல, அது உனக்கு உறைக்கவே இல்லையா" என்றாள். எனக்கு உறைக்கிறதுதான். ஆனால் ஒன்று கவனித்தேன், நீ முடிவைத் தள்ளிப்போடுகிறாய் என்று குற்றம் சொல்கிற பெண்மணி, அந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் மனமில்லாமல் உனக்குச் சொல்லவும் மனமில்லாமல் மூன்று வாரம் நிலவறையில், வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில், வைத்திருந்தாள். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவள் கையில் கத்தி இருந்தது.

உடனே உனக்குப் போன் செய்திருக்கலாம். செய்தால் அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். நேரே கிளினிக்குக்குப் போய், தகப்பன் என்று சொல்லி, ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காலையில் காரை எடுத்தால் அம்மா கோட்டு மாட்டிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். நீ எதுக்கு என்றேன். "நீ அங்க போய் என்னைப் பத்தி என்ன சொல்றேன்னு கேக்கணும்" என்றாள். ஆர்ஹூஸ் போய்ச் சேரும்வரை இருவரும் ரேடியோவில் மீன் விலை கேட்டோம்.

வரவேற்பில் இருந்த பெண் மிகவும் நல்ல மாதிரி. நான் கடிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்றேன். "உங்க பொண்ணு போடணும், நீங்க போட முடியாது" என்றாள். அவள் சிங்கப்பூரில் இருக்கிறாள், நாளைக்குக் கெடு என்றேன். "அவங்க இங்க பதிஞ்சிருக்காங்களா இல்லையான்னுகூட நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது" என்றாள். கடிதத்தில் உங்கள் கிளினிக் பெயரே இருக்கிறதே என்றேன். "ஆமா, அதை நீங்க எப்படிப் படிச்சீங்கன்னு நானும் கேக்கல" என்றாள். அம்மா அப்போதுதான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் உன்னைக் கூப்பிட்டு, கிளினிக் கேட்ட கையெழுத்தைப் பற்றி விசாரித்தேன். நீ கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, கிளினிக் எனக்கு ஈமெயிலும் அனுப்பியது, அதற்கு வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று, இப்போது எதற்குக் கேட்கிறீர்கள் என்றாய். எங்கள் மூன்று வாரத்துக் குற்றம், ஒரு இரவுச் சண்டை, ஒரு டாங்க் பெட்ரோல், எல்லாவற்றையும் நீ ஒரு மாதம் முன்பே இரண்டு நிமிடத்தில் முடித்துவைத்திருக்கிறாய்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் போய், அதெல்லாம் எங்கே இருக்கிறது, தூரத்திலிருந்தாவது பார்க்கலாமா என்று கேட்டாள். வராந்தாக் கோடியில் ஒரு கண்ணாடிச் சுவர் உண்டு, அங்கிருந்து யாரும் பார்க்கலாமாம். இடுப்பு உயரத்துக்கு எஃகுக் கேன்கள், வரிசையாக. நான் முதலில் மூடியும் கழுத்தும் பார்த்தேன், வெளியே பனி படிந்திருந்தால் கேன் கெட்டுப்போகிறது என்று அர்த்தம், ஒன்றில்கூட இல்லை, எல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தன, நைட்ரஜன் அளவைக் காட்டும் மானியும் சரியாக இருந்தது. இவ்வளவு ஒழுங்கை நான் எந்த மாட்டு நிலையத்திலும் பார்த்ததில்லை. "இதுல அவளோடது எது" என்றாள் அம்மா. தெரியாது என்றேன். அவள் ஒவ்வொரு கேனையும் பார்த்தாள், பள்ளிக்கூட வாசலில் உன்னைக் கூப்பிட வந்து நிற்பாளே, அப்படி. நானும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது வழியில் வீபோர் ஊரைத் தாண்டியதும் அவளாகவே பேசினாள். எண்பத்தைந்தில் கிரீன்லாந்தில், நூக் பள்ளியில், அம்மாவுக்குத் தலைமையாசிரியை வேலை கிடைத்தது உனக்குத் தெரியாது. ஆணை வந்த மாதத்தில் நீ வயிற்றில் இருப்பது தெரிந்தது, அவள் போகவில்லை. போக வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள் என்றுதான் இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன், அதையே காரிலும் சொன்னேன். "நான் வேண்டாம்னு சொல்லல, ஏய்வின். நீ என்கிட்ட கேக்கல" என்றாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு இந்த வசதி இருந்திருந்தா நானும் பதினொண்ணை வச்சுட்டுக் கப்பல் ஏறியிருப்பேன்" என்றாள். அப்போ ரிக்கே என்றேன். "அவளுக்குப் பதிலா வேற ஒருத்தி பொறந்திருப்பா. அவளும் இப்ப சிங்கப்பூர்லதான் இருந்திருப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்துவிட்டது, வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. ஜூலைக்குப் பிறகு இந்த வீட்டுக்காரர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அங்கேதான். அதன் பிறகு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், முப்பத்தெட்டு வருடம் தாமதம். உன்னிடம் மூன்று மாதத்திலேயே கேட்டது பரவாயில்லை என்று நினைத்துக்கொள்.

தொழில் தெரிந்தவனாக ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பயமுறுத்துவதற்கு இல்லை. ஜூலையில் நீ காட்டிய கிளினிக்கின் பளபளப்பான கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் உத்தரவாதம், நிம்மதி என்று போட்டிருந்தது. நான் ஒரு விவசாயியிடம் உத்தரவாதம் என்று சொல்லியிருந்தால் மண்வெட்டியோடு வந்திருப்பான். உறைந்ததில் சிலது உருகும்போதே போய்விடும், மீதியில் சிலது பிடிக்காது. கேனில் இருப்பது ஒரு வாய்ப்பு, பிள்ளை இல்லை. அது தெரிந்துகொண்டு வைத்திருந்தால் நல்லது, தெரியாமல் கம்பெனி பேச்சை நம்பி வைத்திருந்தால் நல்லதில்லை. உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், நீ என்னைவிடப் படித்தவள். பிள்ளை வேண்டுமா, எப்போது, யாரோடு, அல்லது வேண்டவே வேண்டாமா என்று இந்த வீட்டில் இனி யாரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்க மாட்டேன். அம்மா முயற்சி செய்வாள்.

மதியத்தில் மேசையிலேயே ரொட்டியைத் தின்றுவிட்டு வேலை பார்க்காதே, எழுந்து போய்ச் சூடாகச் சாப்பிடு. உன் வேலையும் உடம்பும் மனதும் நன்றாக இருக்க வேண்டும், நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் அது உன்னை நிம்மதியாகத் தூங்க விட வேண்டும், அதுதான் எங்கள் ஆசி. மறக்காமல் ஒரு காரியம் செய், கிளினிக்குக்கு எழுதி முகவரியை மாற்றிவிடு. நம் ஊர்த் தபால்காரர் தங்கமானவர், கடிதம் வந்து சேருவதில் குறையே இல்லை. வந்து சேர்ந்த பிறகுதான் ஆபத்து.

என்றும் உன் அன்பு அப்பா
ஏய்வின்

ரிக்கே, அப்பா எழுதியது எல்லாம் உண்மை, மீன் விலை தவிர, அவர் தூங்கி வழிந்துகொண்டு ஓட்டினார், ரேடியோவைக் கேட்டது நான் மட்டும். நான் செய்தது தப்பு. அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபோது ரொம்ப வெட்கமாக இருந்தது. அடுத்த தடவை நீ வரும்போது நூக் வேலை ஆணையைக் காட்டுகிறேன், இன்னும் வைத்திருக்கிறேன். அம்மா.