உன் வாப்பாவின் மோவாய்

அன்பு மகனுக்கு உம்மாவின் ஸலாம். உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற சுகம்தானே என்று நினைத்துவிடாதே, இந்தத் தடவை அந்த வார்த்தையை எழுதும்போது கண் கலங்கிவிட்டது. உன் வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டில் உப்பில்லை, மின்விசிறி சத்தம் போடுகிறது, பின்பக்கத்துக் குழாயை எவன் இப்படி முறுக்கி வைத்தான் என்று காலையிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் திட்டுவது காதில் விழ விழ எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது.

நீ போனில் கேட்டபோதெல்லாம் நெஞ்சில் சளி, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், குறைந்துவருகிறது என்று மட்டும்தான் சொன்னேன். மீதியை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது, அதனால்தான் இந்தக் கடிதம். நீ கிளம்பி வரட்டுமா என்று கேட்டாய், பொறு என்று நான் தடுத்தேன், உனக்குக் கோபம்கூட வந்திருக்கும். நீ அவ்வளவு தூரம் வந்து கட்டிலருகே நின்று, அந்த நிலையிலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நீ தாங்கமாட்டாய், நானும் தாங்கமாட்டேன். போன வருஷம் நீ பெயிண்ட் அடிக்கிற அந்தக் கம்பெனியில் சேர்ந்து, மாஸ்க் முகத்தோடு ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் கூடத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று தாடியை எடுத்துவிட்டுப் போனில் முகம் காட்டினாயே, அன்றைக்குப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போன மனுஷன், பிறகு உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாஸ்க்குக்கும் தாடிக்கும் என்ன சம்பந்தம், நாகரிகத்துக்கு எடுத்துவிட்டுச் சாக்குச் சொல்கிறான் என்றார். தாடி முளைத்த பிறகு என் முன்னால் வரட்டும் என்றார். நான் எத்தனை நாள் சமாதானம் பேசிப் பார்த்தேன் என்று உனக்கே தெரியும், செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தாடி விஷயத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்று நீ பார்த்து வளர்ந்தவன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகும் முன்னால் கண்ணாடி முன்னே நின்று தாடியைக் கைப்பிடிக்குள் பிடித்து, பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் சின்னக் கத்தரியால் வெட்டுவார். மீசையை உதட்டுக்கு மேலே வராதபடி ஒட்டக் கத்தரிப்பார். மீசையைக் குறை, தாடியை விடு என்பது நபியின் கட்டளை, அதில் நமக்கென்ன பேச்சு என்பார். குழாய் வேலைக்குப் பள்ளத்தில் இறங்கிச் சேற்றோடு ஏறி வந்தாலும் முதலில் தாடியைத்தான் கழுவுவார். அப்படிப்பட்டவர் முகத்தில் கத்தி வைக்கச் சொன்னவள் நான். இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூச்சு அவரிடம் இல்லை, எங்கேயோ வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நினைவும் தப்பிவிட்டது. காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிற மாஸ்க் ஒன்றை மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, பட்டையை இழுத்துக் கட்டினார்கள். பக்கத்தில் இருந்த மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. நர்ஸ் பட்டையை இன்னும் இறுக்கினாள், துணியை மடித்து வைத்துப் பார்த்தாள், என்னவோ பசை தடவிப் பார்த்தாள், சத்தம் நிற்கவில்லை. தாடிக்கு நடுவே காத்து கசியுதும்மா, உள்ள போக வேண்டியதெல்லாம் வெளிய போகுது என்றாள். கசிவு என்றால் என்ன என்று குழாய்க்காரர் பெண்டாட்டிக்குச் சொல்லித்தர வேண்டுமா. வாஷருக்கு அடியில் ஒரு நூல் சிக்கினால் போதும், எத்தனை முறுக்கினாலும் நிற்காது என்று உன் வாப்பா சொல்லி ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். எடுத்துவிடவா என்று நர்ஸ் என்னைக் கேட்டாள்.

உன் சாச்சா பதறிப்போனார். அண்ணன் கண் முழித்தால் என்னை வெட்டிப்போடுவார், ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று நம் பள்ளிவாசல் இமாமுக்குப் போன் போட்டார். அது மதியத்து லுஹர் தொழுகை நேரம், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. உன் வாப்பாவின் விரல் நுனிகளைப் பார்த்தேன், நீலமாக இருந்தன. அதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியவில்லை. எடுங்க, முடி போனா முளைக்கும், உயிர் போனா முளைக்குமா என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் எடுத்தாள். சாச்சா கண்ணைத் துடைத்துக்கொண்டே விழுந்த முடியையெல்லாம் ஒரு பையில் பொறுக்கி எடுத்து, பிறகு நம் வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து புதைத்தார். மாஸ்க்கைத் திரும்ப வைத்தார்கள், மெஷின் கத்துவது நின்றது. அந்த அமைதியை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

அப்போதுதான் மகனே அந்த முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனின் மோவாயை நான் பார்த்ததே இல்லை. நடுவில் ஒரு குழி. உன் மோவாயில் இருக்கிறதே, அதே குழி, அதே இடத்தில். அது தன் பக்கத்திலிருந்து வந்தது என்று உன் தாய்மாமன் இத்தனை வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, உன் தங்கை என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள், உம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று.

பிறகு அவருக்கு நினைவு திரும்பியது. நன்றாகத் தேறுகிற வரைக்கும் அவருக்குத் தெரியக்கூடாது என்று சாச்சா திட்டம் போட்டார். கைகழுவும் இடத்துக் கண்ணாடியைத் தங்கை கழற்றிவைத்தாள். நான் போர்வையை மூக்குவரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். முகத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது, தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக சாச்சா ஒரு பொய்யையும் தயாராக வைத்திருந்தார். எல்லாவற்றையும் யோசித்தோம், தொழுகையை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பெரிய மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் மெல்லிய குழாய் வைத்த அன்று, அஸர் தொழுகைக்கு நேரமாச்சா என்று அவரே கேட்டார். கையில் ஊசி இருப்பதால் தண்ணீர் படக்கூடாது, கழுவிச் செய்கிற ஒளுவுக்குப் பதிலாக மண்ணால் தயம்மும் செய்துகொள்வதாகச் சொன்னார். தங்கையும் நல்ல பிள்ளையாக ஓடிப்போய் ஆஸ்பத்திரித் தோட்டத்திலிருந்து மண் படிந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். தயம்மும் என்றால் மண்ணில் இரண்டு கையையும் தட்டி முதலில் முகத்தைத்தானே தடவ வேண்டும். அவர் தட்டி நெற்றியில் கையை வைத்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கை நெற்றியிலிருந்து கன்னத்துக்கு வந்தது, கன்னத்திலிருந்து கீழே வந்தது, தாடியைத் தேடி இன்னும் கொஞ்சம் கீழே போனது, அங்கே ஒன்றும் இல்லை.

அவர் திரும்ப ஒரு தரம் மண்ணில் தட்டிக் கைகளைத் தடவிக்கொண்டார், படுத்தபடியே கண் சாடையால் தொழுதார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். சாச்சா பிளாஸ்டர் என்று ஆரம்பித்தார், நான் அவரை நிறுத்திவிட்டு, நான்தாங்க எடுக்கச் சொன்னேன், மாஸ்க் ஒட்டல, காத்து கசிஞ்சுது என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்க என்னோடு பேச்சில்லை. மருந்து கொடுத்தால் வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். உன்னிடம் ஒரு வருஷமாகப் பேசாதவர் இனி என்னிடமும் பேசப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்று சொல்கிறேன், திரும்பிப் படுத்திருந்த அந்த முதுகு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அதுவே போதும் என்றிருந்தது.

மறுநாள் ஹஜ்ரத் பார்க்க வந்தார். உன் வாப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டே, நடந்ததைச் சொல்லி, இதற்கு ஏதாவது பரிகாரம் உண்டா என்று கேட்டார். ஹஜ்ரத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். தாடியை ஒரு பிடி விடுவது வாஜிப், அதாவது கட்டாயம், காரணமில்லாமல் மழிப்பது பாவம் என்று ஒரு மத்ஹபை, அதாவது ஒரு சட்ட வழியைச் சேர்ந்த இமாம்கள் சொல்கிறார்களாம். இன்னொரு மத்ஹபில் பலர் அதை மக்ரூஹ், வெறுக்கத்தக்கது என்கிற அளவில் நிறுத்துகிறார்களாம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று வந்துவிட்டால் தேவைப்படுகிற அளவுக்கு எடுக்கலாம், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லையாம். நினைவில்லாதவன் மேல் கேள்வியே இல்லையாம். உங்கள் வீட்டம்மா என் போனுக்குக் காத்திருந்தால்தான் குற்றமாகியிருக்கும் என்று அவர் சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உன் வாப்பா துண்டை மெதுவாக இறக்கினார்.

பிறகு, வேறு ஒருத்தன், அவனும் மாஸ்க் போட்டால்தான் வேலை பார்க்க முடியும், பெயிண்ட் நெடி நெஞ்சுக்குள் போகாமல் இருக்க மாஸ்க் ஒட்ட வேண்டும், அதற்காக எடுத்தால் என்ன சட்டம் என்று கேட்டார். ஹஜ்ரத்துக்கு யார் அந்த ஒருத்தன் என்று தெரியாமலா இருக்கும். உங்க பையனா என்றார். இவர் தலையாட்டினார். அப்போது ஹஜ்ரத் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "போன வருஷம் எங்கிட்ட வந்து தாடி எடுக்கிறது கூடுமான்னு கேட்டீங்க. கூடாதுன்னேன். எதுக்காக எடுத்தான்னு நீங்க சொல்லவே இல்லையே. பாதிக் கேள்விக்குப் பாதிப் பதில்தானே கிடைக்கும்." உன் வாப்பா தலை குனிந்துகொண்டார். அழகுக்காக எடுப்பது வேறு, நெஞ்சைக் காத்துக்கொள்ள எடுப்பது வேறு, வேறு வழி இல்லையென்றால் உன் மேல் தவறில்லை என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். தாடி இருந்தாலும் போடக்கூடிய, தலையையே மூடி உள்ளே காற்று ஊதுகிற மாதிரியான மாஸ்க் இருக்கிறதாம், கம்பெனியில் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார், லீவில் இருக்கும்போது வளரவிடு என்றும் சொன்னார். அதையும் கேட்டுப் பார், மரியாதையாகக் கேள், கொடுக்கவில்லை என்றால் சண்டைக்குப் போகாதே.

ஹஜ்ரத் போன பிறகு கண்ணாடி கேட்டார். தங்கை கொண்டுவந்து கொடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மோவாய்க் குழியில் விரலை வைத்தார். நம்ம பையன் முகமாச்சே இது என்றார், கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அதுதான் என்னிடம் திரும்பப் பேசின முதல் பேச்சு.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததையும் கேள். போன ஜும்ஆவுக்கு சாச்சா வண்டியில் கூட்டிப்போனார். துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்வார் என்று நினைத்தேன், வேண்டாம் என்று கொடியில் போட்டுவிட்டு வெறும் முகத்தோடு போனார். பள்ளிவாசல் வாசலில் அந்தக் குழாய் சாமான் கடைக்காரர், இவரோடு முப்பது வருஷப் பழக்கம், நேரே வந்து சாச்சாவுக்கு மட்டும் ஸலாம் சொல்லி, அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு, எழுந்து உட்காருறாரா என்று உருக்கமாக விசாரித்திருக்கிறார். அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறார். நல்லா இருக்கேன்ப்பா, போன மாசம் நீ கொடுத்த வால்வுதான் ஒழுகுது என்றாராம் உன் வாப்பா. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து இருமல் வந்துவிட்டது, நான்தான் முதுகைத் தடவிவிட்டேன்.

நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. வேலை முடிந்ததும் அந்த உடுப்போடு படுத்துவிடாதே, குளித்துவிட்டுப் படு. இருமல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிச் சமாளிக்காதே, டாக்டரிடம் காட்டு, சளியை லேசாக நினைத்துத்தான் இங்கே இவ்வளவும் நடந்தது. தங்கை உனக்கு ஸலாம் சொல்கிறாள், சாச்சா தன்னால்தான் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும். உன் வாப்பாவுக்கு உன்னைக் கூப்பிட ஆசை, ஆனால் வெட்கம். போனை எடுப்பார், உன் பெயரைப் பார்ப்பார், வைத்துவிடுவார். ஆகையால் நீயே கூப்பிடு. என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்குக் கூப்பிடு, முகம் தெரிகிற மாதிரியே கூப்பிடு. அல்லாஹ் உன் மூச்சையும் உன் கை வேலையையும் காப்பாற்றுவானாக, உன் பாதையை லேசாக்குவானாக.

துஆவோடு,
உன் உம்மா

உறையை ஒட்டப் போனேன், யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டு உன் வாப்பா வாங்கிக்கொண்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து, கையில் இன்னும் தெம்பு வரவில்லை, கோணலாகத்தான் இருக்கும்.

மகனே, வேலைக்குப் போகிற நாளில் சுத்தமாக மழித்துக்கொண்டு போ. ஒரு நாள் முளைத்த முடி இருந்தால்கூட மாஸ்க் கசியும், நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். லீவு கிடைத்ததும் வா. தாடி முளைக்கட்டும் என்று காத்திருக்காதே.
வாப்பா