அம்மையப்பன் என்று எழுதிய பலகை

ஷார்ஜா
14.11.2006

அன்புள்ள ஜிஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் கர்த்தர் கிருபையில் சுகம், உனக்குத் திருச்சித் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, இருமல் நின்றதா என்று எழுது. அப்பாவுக்குப் பகல் டூட்டி கிடைத்துவிட்டது. எனக்குத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. எங்கள் கம்பெனி யார்டுக்குப் பின்னால், கேட்டு வர ஆளில்லாத பிணங்களைப் புதைத்த மூலை ஒன்று உண்டு, அதை நிரவி லாரி நிறுத்தப் போகிறார்களாம். பலகைகளைப் பார்த்து லிஸ்ட் டைப் அடித்துத் தரும்படி மேனேஜர் ஸ்ரீனிவாசன் என்னை அனுப்பினார். எல்லாம் வெறும் நம்பர், மேலே கிரீஸ் துணியும் எச்சில் பொட்டலமும். ஒன்றில் மட்டும் அம்மையப்பன் என்று பெயர். “செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்கப் போறானா, கலாஸ், முடிஞ்சுபோச்சு, அடிங்கம்மா” என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறார்.

பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன் டேங்க் கழுவ இறங்கி மூச்சடைத்துச் செத்தவன் அவன். பெயர் பாலகுரு. பாஸ்போர்ட்டில் அவன் பெயருக்குப் பின்னால் இருந்த அப்பா பெயரைச் சொல்லியே கேம்ப் முழுக்க அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘அம்மையப்பன் இறந்துவிட்டார்’ என்று அறந்தாங்கிக்கு லெட்டர் அடித்தவள் நான்தான். பதில் வந்திருக்கிறது, “அம்மையப்பன் நாந்தான் ஐயா, நல்லா இருக்கேன், யாருக்கோ வர வேண்டியது மாறி வந்துருச்சு, எம்மவன் பாலகுருவ ஒரு லெட்டர் போடச் சொல்லுங்க” என்று. அதன் மேலேயே ‘உரியவர் இல்லை’ என்று சீல் குத்தி, பிணத்தைப் புதைத்துவிட்டார்கள். பிறகு அவர் போட்ட நான்கு லெட்டரும் பிரிக்காமலே கிடக்கின்றன. அவர்கள்மேல் அருவருப்பு, பெயரைக்கூடப் பார்க்காமல் அடித்துக் கொடுத்த என்மேல் அதைவிட. நம் குடும்பத்தில் முதல் டிகிரி நான், என்ன பிரயோஜனம்?

இன்று லிஸ்டைக் கொடுக்கவில்லை. “அவன் பேரு பாலகுரு சார், வீட்டுக்குச் சொல்லாம மண்ணத் தொடக் கூடாது” என்றேன். ஒரு வாரம்தான், அப்புறம் மாஃபி, கிடையாது என்றுவிட்டார். அதனால்தான் லீவில் ஊருக்கு வரும் எங்கள் கம்பெனி மீராசா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அறந்தாங்கி அம்மையப்பன் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. போன் வேண்டாம், நேரில் போ. உங்கள் மகன் பாலகுரு என்று தெளிவாகச் சொல், மறுபடியும் யாருக்கோ என்று அவர் நினைத்துவிடக் கூடாது. தான்தான் பாலகுருவின் அப்பா என்று அவர் கையெழுத்தோடு ஒரு கடிதமும் ரேஷன் கார்டு நகலும் எங்கள் ஆபீசுக்கு ஃபாக்ஸ் பண்ணு.

கர்த்தர் உனக்குத் துணை, வேளைக்குச் சாப்பிடு. உன் பாஸ்போர்ட் ஃபாரத்தில் அப்பா பெயரை அப்பாவுக்குரிய கட்டத்தில் மட்டும் எழுது. நாளைக்கு நீ இங்கே வந்தால், யாரும் உன்னை அப்பா பெயரால் ஞானசிங் என்று கூப்பிடக் கூடாது.

முத்தங்களுடன்,
உன் அம்மா
அற்புதராணி