இரண்டு முறை கழுவும் முகம்

28 செப்டம்பர், சனி

கடையிலிருந்து பஸ் ஏறும்போதே முகம் எரிந்தது. மார்த்தாண்டத்தில் நல்ல வெயில்; கடையில் ஏசியும் வேலை செய்யவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் என் வேலையே ஆட்களின் முகத்துக்குப் பக்கத்தில் நிற்பதுதான். ஃபிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் சரிசெய்து, "இப்பம் எப்படி இருக்கு?" என்று கேட்பேன். அவர்கள் நேராகப் பார்ப்பது என் முகத்தை. வேர்வையில் மேக்கப் இறங்கியிருக்குமோ? உதட்டு ஓரம் தெரிகிறதோ? நாள் பூரா இதே நினைப்பு.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவை அடைத்தேன். முதலில் தேங்காயெண்ணெய், ஈரமில்லாத முகத்தில். வேர்வைக்குக் கரையாத ஃபவுண்டேஷன் ஆதலால் சோப்புக்கு அசையாது. மெதுவாகத் தேய்க்கத் தேய்க்கத்தான் என் நிறத்திலேயே குழம்பாகி உள்ளங்கைக்கு வரும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பிறகு அந்த எண்ணெய் போக ஃபேஸ்வாஷ் போட்டு மறுபடி ஒரு கழுவல். வீடியோக்களில் இதை டபுள் கிளென்சிங் என்கிறார்கள். அந்தப் பெண்கள் எல்லோரும் கடைசியில் சிரிக்கிறார்கள்.

எனக்கு இரண்டாவது கழுவலில்தான் அது வெளியே வரும். இடது கண்ணுக்குக் கீழே ஒன்று. உதட்டு ஓரத்திலிருந்து தாடைவரை ஒன்று. மூன்று வருடமாக வெண்படை. நாகர்கோவில் டாக்டர் தெளிவாகச் சொன்னார்: ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. அம்மா அந்த வார்த்தையை இன்றுவரை வாயால் சொன்னதில்லை. "அது" என்பாள்.

நவம்பர் ஏழாம் தேதி எனக்கும் ஜெபிஷுக்கும் கல்யாணம். அவர் வீட்டில் ஒருவருக்கும் "அது" தெரியாது.

3 அக்டோபர், வியாழன்

குவைத்திலிருந்து ஜெபிஷ் வீடியோவில் வந்தார். "உனக்க முகத்துல லைட்டு போட்டு வச்ச மாதிரி இருக்கு பிள்ளே" என்றார். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஃபோனுக்குப் பின்னால் நின்ற அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பிறகு சண்டை. "மொதல்ல தாலி ஏறட்டும் பிரீனா. அதுக்குப் பொறவு தெரிஞ்சா அவனால என்ன செய்ய முடியும்?"

அதுதான் அம்மாவின் கணக்கு. ஒண்ணும் செய்ய முடியாம எங்கூட இருக்கப்போற ஆளோட நான் எப்படி இருக்கது?

13 அக்டோபர், ஞாயிறு

சபையில் எங்கள் கல்யாண அறிக்கை முதல் முறையாக வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் சொல்லி நிறுத்தினார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது.

தடையை அறிந்தவள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

19 அக்டோபர், சனி

நேற்று ஜெபிஷின் அக்கா சுஜியின் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். சாயங்காலம் நானும் அம்மாவும் புதுக்கடை ஊரிலுள்ள ஜெபிஷ் வீட்டுக்குப் போனோம். ஜெபம் முடிந்து சாப்பிடும்போதே மழை கொட்டத் தொடங்கியது. ரோட்டில் முட்டளவு தண்ணீர், பஸ் இல்லை, ஆட்டோக்காரனும் வரமாட்டேன் என்றான். ஜெபிஷின் அம்மா ரத்தினம் மாமி ஒரே பிடியாக நின்றார்: "இந்த மழையில நேசம்மாவும் பிள்ளையும் எங்க போவிய? விடிஞ்சு காலத்த போலாம்."

துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துத் தந்தார். சிரித்துக்கொண்டே, "முகத்தக் கழுவிட்டு வா மக்களே, காப்பி போடுகேன்" என்றார்.

முகத்தக் கழுவிட்டு வா. வேறொன்றும் சொல்லவில்லை.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். வெளியே கேட்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைத் தரையில் கோரிக்கோரி ஊற்றினேன். நெற்றி முடியை மட்டும் நனைத்துக்கொண்டு வந்தேன். மாமி என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடி அதிகமாகப் பார்த்தாரோ? தெரியவில்லை.

மேக்கப்போடு படுத்தேன். மல்லாந்தே கிடக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். விழித்தபோது கன்னம் தலையணையில். வெள்ளை உறையில் என் கன்னத்தின் அளவுக்கு ஒரு தவிட்டு நிறக் கறை. அம்மா பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். கைப்பையில் இருந்த பவுடரை அப்பிக்கொண்டு, உறையை உருவிக்கொண்டு பின்பக்கத் துவைகல்லுக்கு ஓடினேன். தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல்.

"என்னத்துக்கு பிள்ளே அதப் போட்டுத் துவைக்கிய?"

"எண்ணெ பட்டுட்டு மாமி."

"படட்டும். நீ நம்ம வீட்டுக்கு வரப்போறவதானே. இதுக்குப் போயி எதுக்கு இந்த வெப்ராளமும் பதட்டமும்?"

நான் திரும்பவே இல்லை. அப்படியே குனிந்து தேய்த்துக்கொண்டு நின்றேன். மாமி கொஞ்ச நேரம் பின்னால் நின்றுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து எண்ணெய் தொட்டு வைத்ததும் கத்திவிட்டேன். கன்னம் சிவந்து தடித்து, உதட்டுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்: "அவ கண்டுட்டாளா? சொல்லுட்டி, கண்டுட்டாளா?"

எரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு

இரண்டாவது அறிக்கை. தலை நிமிரவில்லை.

21 அக்டோபர், திங்கள்

சொல்லிவிட்டேன்.

அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து ஜெபிஷைக் கூப்பிட்டேன். ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்து, "ஒண்ணும் பேசாண்டாம். பாத்துட்டு மட்டும் இருங்க" என்றேன். எண்ணெயை எடுத்தேன். பாதி தரையில் சிந்தியது. தேய்த்தேன், துடைத்தேன், ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவினேன். கண்ணைத் திறக்க மட்டும் நேரமாயிற்று.

அவர் முகம் ஃபோனில் அசையாமல் இருந்தது. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"இது... மத்தவியளுக்கு ஒட்டுமா?"

"ஒட்டாது."

"பிள்ளைகளுக்கு வருமா?"

"வந்தாலும் வரலாம், வராமலும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

ஃபோனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு, "எனக்குப் பிரச்சனை இல்ல" என்றார். நான் அழுதேன். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போல இருந்தது. சாப்பிட்டேன். இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா என்ன ஏது என்று தெரியாமல் பார்த்தாள்.

22 அக்டோபர், செவ்வாய்

அவரே கூப்பிட்டார். "யோசிச்சேன் பிரீனா. எனக்க அம்மைக்கு மட்டும் தெரியாண்டாம். அம்மை தாங்கமாட்டா. ஊருல தலை காட்ட முடியாதுன்னு ஒடஞ்சு போவா."

"எத்தற காலத்துக்கு?"

"அது பாக்கலாம். நீ நல்லாத்தானே மறைக்கிய. நானே கண்டுபிடிக்கேல, கேட்டியா?"

அதைப் பாராட்டு மாதிரி சொன்னார்.

கல்யாணம் முடிந்து அவர் குவைத்துக்குத் திரும்பிய பிறகு நான் இருக்கப்போவது மாமியோடுதான். ஒரே குளியலறை. தினமும் காலையில் அவர் எழும்புமுன் பூசி, அவர் உறங்கிய பிறகு கழுவி... அன்று ஒரு ராத்திரிக்கே தோல் உரிந்ததே. ஆயுசு முழுக்கவா?

25 அக்டோபர், வெள்ளி

கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் புதுக்கடைக்குத் தனியாகப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை, ஜெபிஷிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் இரண்டு முறை இறங்கிவிட எழுந்தேன்.

மாமி பின்பக்கம் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "என்ன மக்களே, ஒத்தையில?" என்று கை கழுவ எழும்பினார்.

"கொஞ்சம் எண்ணெ தாருங்க மாமி."

குழாயடியில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுவினேன். ஒரு முறை. மறுபடி ஒரு முறை. முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

மாமி சட்டென்று படியில் உட்கார்ந்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது பயம். அதை நான் எழுதத்தான் வேண்டும். நல்லவர் என்பதற்காக மறைக்கக் கூடாது.

"இதுக்காக்கும் அண்ணைக்கு உறையத் துவைச்சியா?"

"ஆமா."

"அவனுக்குத் தெரியுமா?"

"திங்கக்கெழம சொன்னேன். உங்ககிட்ட சொல்லாண்டாம்னு சொன்னாரு. நீங்க தாங்கமாட்டியளாம்."

பூனை மீன் சட்டிப் பக்கம் வந்தது, மாமி அதை விரட்டவில்லை. கடைசியில் சொன்னார்: "எனக்குச் சங்கடம் இல்லன்னு பொய் சொல்லமாட்டேன் பிள்ளே. ஊருக்காரனுவ வாயி எனக்குத் தெரியும். ஆனா எனக்க வீட்டுல, எனக்க முன்னாலயே ஒருத்தி வேஷம் கட்டிட்டு அலையணுமா? நான் அப்படிப்பட்டவளா?" குரல் உடைந்தது. "இப்பம் போ. எனக்கு யோசிக்கணும்."

பஸ் ஸ்டாண்டுக்கு வெறும் முகத்தோடுதான் நடந்தேன். என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

26 அக்டோபர், சனி

மாமி அம்மாவுக்கு ஃபோன் செய்தார். மாமி சொன்னது பக்கத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது: "நேசம்மா, நீ எங்கிட்ட சொல்லியிருக்கணும். பரவால்ல. நாளைக்கு அறிக்கைய வாசிக்கட்டும்."

அம்மா ஃபோனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு என்னைத் தோளில் ஒரு அடி அடித்தாள். மறுபடி அழுதாள்.

27 அக்டோபர், ஞாயிறு

வெறும் முகத்தோடு சபைக்குப் போனேன். முன்வரிசையில். பாட்டுக்கு எழும்பும்போது பின்னால் கிசுகிசு. காது சூடானது. மூன்றாவது அறிக்கை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழும்பவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஜெபிஷ். குரலில் அடக்கிவைத்த கோபம். "அம்மைகிட்ட போயி சொல்லிட்டியே. சரி, போட்டும். ஆனா கல்யாணத்துக்கு எனக்க கூட்டுகாரனுவ எல்லாம் வருவானுவ. ஃபோட்டோ எடுப்பானுவ. அதனால..."

"கல்யாணத்துக்கு எல்லா பொண்ணும் மேக்கப் போடும். நானும் போடுகேன். அது கழிஞ்சு?"

"பொறவு குவைத்துக்கு நீ வந்தா ஃபிளாட்டுல பக்கத்துல எல்லாம் நம்ம ஊருக்காரங்கதான்..."

அம்மை போனாள், கூட்டுகாரர்கள் வந்தார்கள். கூட்டுகாரர்கள் போனால் பக்கத்து ஃபிளாட். எனக்கு என்னவோ தோன்றிக் கேட்டேன்: "யாரும் இல்ல. கதவு அடைச்சாச்சு. நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கோம். அப்பமோ?"

அவர் உடனே பதில் சொல்லியிருக்கலாம். எதையாவது சொல்லியிருக்கலாம்.

"வீட்டுலயும் லேசா போட்டிருந்தா... எனக்குப் பழகுத வரைக்கும்."

அப்போ மாமி தாங்கமாட்டா, மாமி தாங்கமாட்டான்னு சொன்னது யாரப் பத்தி? கடவுளே.

28 அக்டோபர், திங்கள்

காலையில் ஜெபிஷை நானே கூப்பிட்டேன். சத்தம் போடவில்லை. "உங்களுக்குப் பழகுத வரைக்கும் நான் முகத்த மூடிட்டு இருக்க முடியாது. இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றேன். "இதுக்குப் போயா?" என்று கேட்டார். ஆமா, இதுக்குத்தான்.

பிறகு கல்யாணம் இல்லை என்று சொல்லப் போதகர் வீட்டுக்குப் போனேன். யோசிச்சியா என்று அவர் கேட்டார். யோசித்தேன் என்றேன்.

அம்மா: "எல்லாரும் சம்மதிச்ச பொறவு நீயே ஒடச்சிட்டியே பாவி. இனி யாரு வருவா?"

தெரியல அம்மா. யாரும் வராமலும் போகலாம்.

7 நவம்பர், வியாழன்

கடைக்குப் போனேன். மேக்கப் போடவில்லை. ஒரு பெண் என் கையிலிருந்த ஃபிரேமை வாங்காமல் வேறு ஆளை வரச்சொன்னாள். உள்ளே போய் நின்றேன். அந்த ஃபிரேமைத் துணியால் துடைத்தேன். துடைத்து முடித்ததும் மறுபடி வெளியே வந்தேன்.

அம்மா இன்று நெய்மீன் வாங்கியிருந்தாள். என்ன நாள் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

14 டிசம்பர், சனி

மத்தியானம் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ரத்தினம் மாமி வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

"கண்ணு மங்கலாட்டு இருக்கு. பைபிள் வாசிக்க முடியேல. ஒரு கண்ணாடி வேணும்."

புதுக்கடையில் இல்லாத கண்ணாடிக் கடையா? கேட்கவில்லை. உள்ளே கண் சோதித்தார்கள். நான்தான் ஒரு கறுப்பு ஃபிரேமை மாட்டிவிட்டேன். மூக்கில் சரியாக உட்கார வைக்கக் குனிந்தபோது அவர் முகமும் என் முகமும் அரைச்சாண் தூரத்தில். மாமி கண்ணை விலக்கவில்லை. உதட்டு ஓரத்தை, கண்ணுக்குக் கீழே, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"அவன் கிறிஸ்மஸுக்கு வாறான். உங்கிட்ட பேசணும்னு சொல்லுகான்."

"வேண்டாம் மாமி."

"நானும் அதத்தான் அவன்கிட்ட சொன்னேன். அவளச் சும்மா விட்டுருலேன்னு."

முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். பிறகு அந்தக் கறுப்பு ஃபிரேம் தனக்கு ஆசிரியை மாதிரி இருக்கிறது, வேறு காட்டு என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

பஸ் ஏற்றிவிடப் போனேன். உச்சி வெயில். ஸ்டாப்பில் நல்ல கூட்டம். மாமி படியில் ஏறி நின்று, திரும்பி, தொண்டை தெறிக்கக் கத்தினார்: "வெயிலு கொள்ளாத பிள்ளே! வெள்ளையா இருக்க இடத்துல சுட்டுரும். குடை பிடிச்சு நட!"

ஸ்டாப்பில் இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் முகத்தைத் திருப்பவில்லை. பஸ் வளைவு திரும்பி மறையும்வரை அங்கேயே நின்று கை காட்டினேன்.