ஷைனி சாப்பிட்ட சத்து மாத்திரை

ஷைனி அப்பாவுக்கு,

போனில் பேசினால் கேம்ப்பில் பக்கத்திலிருப்பவர் காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

கபடி ஆடுகிற எல்லாரும் ஊக்க மருந்து போடுகிறார்கள், எல்லாரும் போட்டால் சமம்தானே என்பீர்கள். நம் வீட்டிலும் இப்போது சமம்தான். நீங்கள் விட்டுப்போன டப்பாவிலிருந்து ஷைனி தினமும் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். எட்டாவது படிக்கிறவளுக்குப் பள்ளி டீமில் சேர வேண்டுமாம்.

"இன்னாடி பண்ணிக்கினு இருந்த?" என்றேன்.

"சத்து மாத்திரைன்னு நைனாதானே சொல்லிச்சி? நைனா பொய் சொல்லுமா?"

குரல் தடித்துவிட்டது. ஆரம்பாக்கம் சர்ச்சில் பாட்டுச் சொல்லித்தரும் மெர்சி அக்கா அவளைப் பையன்கள் வரிசைக்கு மாற்றிவிட்டார். அங்கே மைக் இருக்கிறதென்று இவளுக்குப் பெருமை. மேலுதட்டை அடிக்கடி தடவிப் பார்க்கிறாள். நான் பார்க்காததுபோல் இருக்கிறேன்.

என்ன மாத்திரை என்று தெரிந்தால்தான் குரல் திரும்புமா, ஈரல் தாங்குமா என்று சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். லேபிளை நீங்கள் உரித்துவிட்டீர்கள். நல்ல முன்யோசனை.

மாத்திரையின் பெயர் வெளியே வந்தால் உங்கள் ஆட்டம் முடிந்துவிடும். தெரியும். சனிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்குள் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டப்பாவை அவர் மேசையில் வைத்து, உங்கள் பெயரை நான் சொல்வேன்.

பயத்துடன்,
அவள் அம்மா