என் வாயும் வெளுத்த றாலும்

ஜூலை 9

மச்சான் என்னை விதவையாக்கிவிட்டுப் போய், இத்தாவில் இருபத்தைந்தாம் நாள். வெள்ளைச் சேலை, வெள்ளைச் சுவர், வெளியே சுடும் கச்சான் காற்று. இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இந்த வீட்டுக்குள்தான்.

இந்தக் கொப்பி மச்சானுடையது; அட்டையில் ஆதம்பாவா என்று அவர் பெயர். கண்ணாடித் தொட்டியில் அவர் வளர்த்த சிவப்புச் சின்ன றால்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். எத்தனை குஞ்சு, என்ன தீனி, எந்த நாள் தண்ணீர் மாற்றினார். கறிக்கு ஆகாத றாலுக்கு ஒரு கொப்பி! பாதிக்கு மேல் வெறுந்தாள். அதில் நான் எழுதுகிறேன். வாய் திறக்கத்தான் பயம், எழுதலாம்தானே.

இன்று தொட்டியைச் சுத்தம் செய்தேன். அடியில் அவர் போட்டிருந்த கறுப்புக் கல்மணல் எனக்கு எப்போதும் ஊத்தையாகவே தெரியும். அள்ளி மாதுளை மரத்தடியில் கொட்டினேன். தங்கச்சி நஸீறா கொண்டுவந்த வெள்ளை மணலை ஏழு தண்ணீரில் கழுவிப் போட்டேன். அவர் இருந்தால் ஏசியிருப்பாரா? மாட்டார். இந்த வீட்டில் ஏசுவது என் வேலை.

ஜூலை 13

ளுஹர் தொழுதுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கி மணலில் ஆடுகிறது. றால்கள் சின்னக் கைகளால் எதையோ எடுத்து எடுத்து வாயில் வைக்கின்றன, தஸ்பீஹ் மணி உருட்டுவதைப் போல. ஒரு சத்தமும் இல்லை. நான் தண்ணீருக்கு வெளியே இருக்கிறேனா உள்ளே இருக்கிறேனா என்று கொஞ்ச நேரம் எனக்கே விளங்கவில்லை. கண் விழித்தபோது வெயில் சுவருக்குப் போயிருந்தது.

ஜூலை 17

வெளுக்கின்றன. என் கண்தான் பிழையோ என்று நஸீறாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் ஒன்றிரண்டு என்றுதான் நினைத்தேன். இல்லை, எல்லாமே. சிவப்பு போய் ரோஸ், ரோஸ் போய்க் கண்ணாடி.

“றாலும் மச்சானுக்கு இத்தா இரிக்கிது ராத்தா” என்று சிரித்தாள் நஸீறா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 18

யாருக்கும் சொல்லாததை எழுதுகிறேன்.

அன்று காலை நான் அரிசி களையும் சட்டியை எடுத்து அவர் றாலுக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். எனக்கு வந்ததே கோபம். “உங்கட றாலெல்லாம் செத்துத் தொலையட்டும், அப்பதான் இந்த ஊட்டுல மனிசருக்கு ஒரு மதிப்பு வரும்” என்றேன். அவர் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனார். ளுஹருக்கு முன்னால் மையித்தாகத்தான் கொண்டுவந்தார்கள். நெஞ்சு வலியாம்.

இப்ப றாலும் வெளுக்கிது. என்ட வாய்தான். கருநாக்கு எண்டு உம்மா சின்ன வயசிலயே சொன்னவ. யா அல்லாஹ், நான் என்னத்தச் சொல்லிப் போட்டன்? முதல்ல அவரு, இப்ப அவர்ர றாலு—

ஜூலை 19

தேங்காய்க்காரன் அழுகல் தேங்காய் இரண்டைத் தலையில் கட்டிவிட்டுப் போனான். அதற்கும் நான் ஏசவில்லை. “ஏசுங்களன் ராத்தா, நீங்க சும்மா இரிக்கிறது எனக்குப் பயமா இரிக்கி” என்றாள் நஸீறா.

ஜூலை 24

ஒன்று செத்துவிட்டது. மணலில் பக்கவாட்டில் கிடந்தது, மீசை, கால் எல்லாம் இருக்க, உடம்பு மட்டும் வெறும் கண்ணாடி. அழுதேன். நஸீறா கைபேசியில் படம் பிடித்து, மட்டக்களப்பில் மீன் கடை வைத்திருக்கும் மின்ஹாஜுக்கு அனுப்பினாள். மச்சான் இந்த றால்களை வாங்கியது அவனிடம்தான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது.

“ராத்தா, அது மையித்து இல்ல, சட்டை. வளரக்குள்ள கழட்டிப் போடும். நிறம் போனதுக்கும் பயப்படாதீங்க. அடியில வெள்ளை மணல் போட்டிரிக்கீங்களே! வெள்ளையில செவப்பா நிண்டா மீன் கண்டு தின்னிரும் எண்டு அதுகள் நிறத்தக் குறைச்சிக்கும். பழையபடி கறுப்பப் போட்டுப் பாருங்க. ஆதம்பாவா நானா அதத் தேடித் தேடியெல்லே வாங்கினவர்.”

ஏழெட்டுத் தரம் போட்டுக் கேட்டேன்.

மணல். வெறும் மணல்.

ஜூலை 25

மாதுளை மரத்தடியில் குந்தியிருந்து கறுப்புக் கல்லைப் பொறுக்கினேன். பாதியைக் கோழி கிளறியிருந்தது. வெயிலில் முதுகு எரிந்தது. அரிசி களையும் சட்டியில்தான் போட்டுக் கழுவினேன். மச்சான், இந்தச் சட்டி இனி உங்கட றாலுக்குத்தான். நான் வேற வாங்கிக்கிறன்.

ஜூலை 31

இன்னும் வெள்ளைதான். மின்ஹாஜ் சும்மா ஆறுதலுக்குச் சொன்னானோ?

ஆகஸ்ட் 9

வந்துவிட்டது! பெரிய பொட்டைக்கு முதலில் முதுகில் ஒரு கோடு, பிறகு பீட்ரூட் வெட்டிய கை போல உடம்பெல்லாம். மற்றவையும் ஒவ்வொன்றாகச் சிவக்கின்றன. கறுப்புக் கல்லில் அவை நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேரம் எங்கே போனதென்று தெரியாது.

றால் வெளுத்தது என் வாயால் இல்லை. அப்படியென்றால் அவரும் என் வாயால் போகவில்லை. நெஞ்சு வலியால் போனார். அவருடைய நாள் முடிந்தது, போனார். எழுதிவிட்டேன். அழுது முடிக்கும்போது அஸருக்குப் பாங்கு சொன்னார்கள்.

செப்டம்பர் 14

பெரிய பொட்டை வயிற்றுக்கடியில் முட்டை. அவரைப் போலவே கொப்பியில் குறித்து வைத்தேன்.

அக்டோபர் 22

நேற்றோடு இத்தா முடிந்தது. நஸீறா கொண்டுவந்த பச்சைச் சேலையைக் கட்டினேன். பழக்கமில்லாமல் கூச்சமாக இருந்தது. தொட்டிக்கு முன்னால் போய் நின்றால், பக்கத்து வீட்டுப் பூனை மேலே ஏறியிருந்து உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறது.

“உன்ட கால் முறிஞ்சு போக! எறங்கு பேய்ப் பூனை!”

சொல்லிவிட்டு வாயைப் பொத்தினேன். குசினிக்குள்ளிருந்து நஸீறா “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

அக்டோபர் 23

பூனை இன்றும் வந்தது. எண்ணிப் பார்த்தேன். நாலு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன.