இரண்டு படி கீழே

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் உன் மகளும் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரியும், அதனால் விசாரிக்கவில்லை. போன் செய்தால் உன் மேனேஜர்தான் எடுத்து, "மேடம் ரிகர்சல்ல இருக்காங்க" என்கிறார். அந்த மனிதருக்கு வேறு வாக்கியமே தெரியாது போலிருக்கிறது. ஆகவே லீவில் வந்த, உன் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் உன் கச்சேரியை டிவியில் பார்த்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, நம் பழைய வழக்கப்படி உன் முதல் பாட்டுக்குக் கீழ்க்குரலில் கூடவே பாடினேன். என் குரல் அவ்வளவு கீழே எட்டவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துப் பழைய ரெக்கார்டைப் போட்டேன். அதில் எட்டியது. மறுஒளிபரப்பில் கீபோர்டில் உன் விரல்களையே பார்த்தேன். அவை பழைய கட்டைகளில்தான் இருந்தன. சத்தம் மட்டும் இரண்டு படி கீழே வந்தது. சுருதியை இறக்கும் அந்தச் சின்னப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் வாசிக்க உட்கார்ந்திருக்கிறாய். உச்ச வரி வந்ததும் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினாய். அவர்கள் பாடினார்கள், நீ சிரித்தாய். குரலில் முதிர்ச்சி வந்துவிட்டது என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உன்னால்தான் முடியும்.

தம்பி சாப்பிட வந்தபோது நேராகவே கேட்டேன். "அக்கா, என்னைக் கேக்காதீங்க" என்று தட்டையே பார்த்தார். கை கழுவும்போது அவராகவே சொன்னார். கச்சேரி முடிந்து நீ இருமியபோது கைக்குட்டையில் ரத்தமாம். மூன்று மாதம் வாய் திறக்கக் கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்று டாக்டர் சொன்னாராம். நீயோ, சனிக்கிழமை ஸ்டேடியம் கச்சேரியை விட்டால் ஒப்பந்தம் போய்விடும், முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றாயாம். வந்த கோபத்தில் உன்னைத் திட்ட வேண்டியதை எல்லாம் அவரிடம் திட்டிவிட்டேன். பாவம், ஈரக் கையோடு நின்று கேட்டுக்கொண்டார்.

ஹோட்டல் வரவேற்பறையில் நீ வாசித்த நாட்கள் நினைவிருக்கிறதா? எல்லோரும் முதுகைக் காட்டிச் சாப்பிடுவார்கள். நம் பழைய கீபோர்டில் நடுக்கட்டை ஒன்று செத்துக் கிடந்தது. அது வரும் இடத்தில் எல்லாம் நீ வாயால் பாடி நிரப்பினாய். அன்றுதான் முதல் தடவையாக ஒரு மேசை திரும்பிப் பார்த்தது. இன்று இத்தனை பேர் கண்கலங்கிக் கேட்கிற உன் பாணி அந்தச் செத்த கட்டையில் பிறந்தது. அது நமக்கு மட்டும்தான் தெரியும். அன்று விரலுக்குக் குரல் கைகொடுத்தது. இப்போது குரலுக்கு விரல் கைகொடுக்கட்டுமே. சனிக்கிழமை வாசி, பாடாதே. கூட்டம் கத்தினால் கத்தட்டும். அதற்கு மேனேஜர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கிளம்பி வந்துவிடு.

உன் மகள் தூங்கும் முன் நீ அனுப்பிய வெறும் கீபோர்டு வாசிப்பைக் கேட்கிறாள். "அம்மா ஏன் பாடவே மாட்டேங்கறாங்க?" என்று நேற்று கேட்டாள். "பாட்டு மறந்துபோச்சாம்" என்றேன். உடனே எழுந்து உட்கார்ந்து எல்லா வரியையும் எனக்குப் பாடிக்காட்டி, "அம்மாகிட்ட சொல்லிடுங்க பெரியம்மா" என்றாள்.

சனிக்கிழமை நான் டிவி போடமாட்டேன். பயமாக இருக்கிறது. நீ இன்னும் பல்லாண்டு பாட வேண்டும் என்று ஊரெல்லாம் வாழ்த்தும். நீ உன் மகளை வாய்நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதை நான் அடுப்படியிலிருந்து கேட்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

உன் கீழ்க்குரல்,
அக்கா